கோழிச் சாறு கலங்குவது ஏன்?

கேள்வி: குக்கரில் பத்துப் பன்னிரண்டு விசில் விட்டுக் கோழிச் சாறு எடுக்கிறேன். ஆனாலும் அது கலங்கலாகவும், ஆறிய பின் வெறும் தண்ணீர் போலவும் இருக்கிறது. என் அம்மா அடுப்பில் சட்டி வைத்து எடுத்த சாறு தெளிவாக இருக்கும். குளிர்ந்தால் நுங்கு போல உறைந்துவிடும். நான் எங்கே தவறுகிறேன்?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உறையாததற்குக் காரணம் நீங்கள் வாங்கும் துண்டுகள், கலங்குவதற்குக் காரணம் விசில். தோலிலும் மூட்டுகளிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம், சூட்டில் நெடுநேரம் கிடந்து ஜெலட்டினாகக் கரைந்தால்தான் சாறு உறையும். தோலுரித்த பிராய்லர் நெஞ்சுக்கறியில் அது மிகக் குறைவு. உங்கள் அம்மா, மஞ்சள் பூசி வாட்டிய நாட்டுக்கோழியைத் தோலோடும் காலோடும் போட்டிருப்பார். கழுத்தையும் இறக்கையையும் சேருங்கள். பல கடைகளில் ஒதுக்கிவிடும் கால்களையும் கேட்டு வாங்கி, வெந்நீரில் முக்கி மேல்தோலை உரித்து, நகங்களை வெட்டிவிட்டுப் போடுங்கள். ஒரு கிலோ எலும்புக்கு நான்கைந்து கால்கள் போதும். தண்ணீர், எலும்புகள் மூழ்கி இரண்டு விரற்கடை மேலே நின்றால் போதுமானது. அதற்கு மேல் ஊற்றினால் எவ்வளவு நல்ல எலும்பும் வீண்தான்.

இனி கலங்கலுக்கு வருவோம். பச்சைத் தண்ணீரில் எலும்பைப் போட்டு மெல்லச் சூடேற்றும்போது, கரைந்து வரும் புரதங்கள் திரண்டு சாம்பல் நிற நுரையாக மேலே ஒதுங்கும். அதைக் கரண்டியால் பொறுமையாக வழித்தெடுக்க வேண்டும். தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்த நுரை உடைந்து, உருகிய கொழுப்போடு கலந்து, சாறு முழுவதும் பரவிவிடும். பிறகு எத்தனை முறை வடிகட்டினாலும் தெளியாது. குக்கரில் ஒவ்வொரு விசிலின்போதும் அழுத்தம் சட்டென்று குறைவதால், உள்ளே இருப்பது பொங்கிப் புரளுகிறது. அதனால் விசிலை எண்ணும் பழக்கத்தைச் சாறு வைக்கும் நாளில் மட்டுமாவது மறந்துவிடுங்கள். மூடாமல் காய்ச்சி நுரையை எடுத்த பின் மூடி, முதல் விசில் வந்ததும் தீயை மிகவும் குறைத்து 45 நிமிடங்கள் வைத்து, அழுத்தம் தானாக அடங்கும்வரை காத்திருந்து திறங்கள். சட்டியில் வைத்தால், ஓரத்தில் ஓரிரு குமிழிகள் மட்டும் எழும் தீயில் மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். தட்டிய மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் ஆகியவற்றைச் சட்டியில் கடைசி அரை மணியிலும், குக்கரில் திறந்த பிறகும் சேர்த்துக் கொள்ளலாம். சாறு வற்ற வற்ற உப்பு ஏறும் என்பதால், உப்பை இறக்கும்போது போடுங்கள். தக்காளி சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு அது ரசமாகிவிட்டதாகவே தோன்றும்.

கேள்வி: மிஞ்சிய சாற்றை இரவு அடுப்பிலேயே வைத்துவிட்டு, காலையில் கொதிக்க வைத்துக் குடிக்கலாமா?
— ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கூடாது. கொதியில் பாக்டீரியாக்கள் சாகும். ஆனால் சிலவற்றின் வித்துகள் தப்பிவிடும். பெரிய பாத்திரத்தில் சாறு மெதுவாக ஆறும் அந்த நேரத்தில் அவை முளைத்துப் பெருகுகின்றன. சில கிருமிகள் விட்டுச் செல்லும் நச்சு, மறுநாள் கொதிக்க வைத்தாலும் அழியாது. வடிகட்டிய சாற்றை அகலமான பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிடுங்கள். அங்கே மூன்று, நான்கு நாட்கள் இருக்கும். ஃபிரீசரில் இரண்டு, மூன்று மாதங்கள் வரை சுவை குன்றாது. மேலே படியும் மஞ்சள் கொழுப்பை எறிந்துவிடாதீர்கள். அதில் வெங்காயம் வதக்கிக் குழம்பு வைத்தால் வாசனை தெருவுக்கே தெரியும்.