ஷ்ரோடர் என்றால் தையல்காரரா, பீப்பாய் இறக்குபவரா?

கேள்வி: என் கணவரின் குடும்பப்பெயர் ஷ்ரோடர். தாத்தா வழியினர் வட ஜெர்மனியில் லூனபர்க் பக்கத்துக் கிராமத்துக்காரர்கள். இந்தப் பெயருக்குத் தையல்காரர் என்றும் பீப்பாய் இறக்குபவர் என்றும் இரண்டு விளக்கம் கிடைக்கிறது. எது சரி, எப்படித் தேடுவது?

பதில்: லூனபர்க் என்று சொன்னீர்களே, பாதி பதில் அதிலேயே இருக்கிறது. அந்தப் பக்கத்துக் குடும்பம் என்றால் தையல்காரர் என்றே எடுத்துக்கொள்ளலாம். இடைக்காலத்தில் அங்கே புழங்கியது கீழ்ஜெர்மன், அதில் ஷ்ரோடன் என்றால் வெட்டுவது, துணி வெட்டித் தைப்பவர் ஷ்ரோடர். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் வடக்கிலும் மேல்ஜெர்மன் எழுத்துமொழியாகிவிட, தொழிலை ஷ்னைடர் என்று எழுத ஆரம்பித்தார்கள். ஆனால் குடும்பப்பெயர்கள் அதற்கு முன்பே நிலைத்துவிட்டதால் பழைய சொல் பெயரில் மட்டும் தங்கிவிட்டது.

பீப்பாய் விளக்கமும் பொய்யில்லை, ஆனால் அது பெரும்பாலும் ஒயின் விளையும் ஊர்களுக்குப் பொருந்துவது. அங்கே ஷ்ரோட்டர் என்று ஒரு வேலைக்காரர் உண்டு. இரண்டு கனத்த மரங்களைக் குறுக்குக் கட்டைகளால் இணைத்து, ஏணி மாதிரி நிலவறை வாசலில் சாய்த்து, நிறைந்த பீப்பாயைக் கயிற்றில் தாங்கி மெதுவாக உருட்டி இறக்குவார், வண்டியில் ஏற்றவும் அதே ஏணிதான். ரொம்பப் பொறுப்பான வேலை, கை நழுவினால் பீப்பாயும் போச்சு, கீழே நிற்பவரும் போச்சு. உங்களுடையது 'ட்டர்' என்று முடிகிற தெற்கத்திப் பெயராக இருந்தால் இரண்டில் எது என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

சரி, தேடுவது எப்படி? பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு ஜெர்மனி முழுக்க வந்தது 1876 ஜனவரி 1 அன்று, ஆனால் லூனபர்க் அப்போது இருந்த பிரஷ்யாவில் 1874 அக்டோபர் 1 முதலே உண்டு. அதற்குப் பின்னால் என்றால் ஊர்ப் பதிவு அலுவலகம், பிறப்பு 110, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டு தாண்டிய பதிவுகளுக்கு ஆவணக்காப்பகம். அதற்கு முந்தையது பெரும்பாலும் தேவாலயப் பதிவேடுகள்தான். லூனபர்க் லூத்தரன் பகுதி என்பதால் முதலில் புராட்டஸ்டன்ட் தேவாலயப் பதிவேடுகளை இணையத்தில் தரும் ஆர்க்கியோன் தளத்தைப் பாருங்கள், கட்டணம் உண்டு.

ஒன்று மட்டும் மனதில் வையுங்கள். 1650ல் ஒரு ஷ்ரோடர் விவசாயி என்று பதிவாகியிருந்தால் குழம்ப வேண்டாம், பெயருக்குக் காரணமான தையல்காரர் அவருக்குப் பல தலைமுறை முந்தியவர், எந்தப் பதிவேட்டிலும் அநேகமாக அகப்பட மாட்டார். தேடும்போது ஷ்ராடர், ஷ்ரோயர் என்ற வடிவங்களையும் போட்டுப் பாருங்கள், எழுதிய பாதிரியாரின் காதுக்கு எப்படிக் கேட்டதோ அப்படித்தான் எழுதியிருப்பார்.