“எங்கள் வீட்டில் ஆண்டவருக்குக் கடைசி இடம்”

மதிப்புக்குரிய ஆலோசகர் அவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

எனக்கு வயது 47. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிற்றூர். நாங்கள் தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்தவர்கள். என் மாமனார் இருந்தவரை இந்த வீட்டில் குடும்ப ஜெபம் ஒருநாள் தவறியதில்லை. அவர் கீர்த்தனை எடுத்தால் தெருமுனை வரை கேட்கும் என்று ஊரில் இன்றும் சொல்வார்கள். அதே வீட்டில் இன்றைக்கு ஆண்டவருக்குக் கடைசி இடம். எழுதவே மனம் கூசுகிறது.

என் கணவர் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். இரவு 9.15-க்குத்தான் வீட்டுக்கு வருவார். குளித்து, சாப்பிட்டு உட்காரும்போது மணி 10. ஜெபத்துக்கு உட்கார்ந்தால் நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார். எழுப்பினால், “நீ பண்ணு, நான் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன்” என்பார். மகன் பிளஸ் டூ படிக்கிறான். காலை 5.30-க்கு டியூஷன். அவன் வேதத்தைத் தொட்டு எத்தனை நாள் ஆகிறதோ, கேட்டால் “பரீட்சை முடியட்டும்மா” என்கிறான். போன் மட்டும் கையை விட்டு இறங்காது. மகள் சென்னையில் நர்ஸ். மாதத்தில் இரண்டு ஞாயிறு டியூட்டி என்று ஆராதனைக்குப் போவதில்லை. உலகத்துக்கு நேரம் இருக்கிறது, ஆண்டவருக்குத்தான் யாருக்கும் நேரமில்லை.

நான் காலை 4.30-க்கு எழுந்துவிடுவேன். ஒரு வருடத்தில் வேதம் முழுவதையும் வாசிக்கிற அட்டவணை வைத்திருக்கிறேன். தினம் 3 அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை 5. இப்போது 41 அதிகாரம் பின்தங்கிவிட்டேன், நினைத்தாலே நெஞ்சு படபடக்கிறது. இரவில் குடும்ப ஜெபம் நடக்காவிட்டால் எல்லாருக்கும் சேர்த்து நானே முழங்காலில் நிற்பேன். நடுவில் மனம் சிதறினால் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிப்பேன். யாராவது ஒருவர் பெயர் விட்டுப்போனாலும் அப்படித்தான். சில நாள் 12 மணி ஆகிவிடுகிறது. நான்கு பேர் செய்ய வேண்டியதை ஒருத்தி செய்கிறேன்.

“முதலாவது தேவனுடைய ராஜ்யத்தையும் அவருடைய நீதியையும் தேடுங்கள்” என்ற மத்தேயு 6:33-ஐப் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். மகன் அதன் மேல் கேஸ் பில்லைச் சொருகி வைக்கிறான்.

போன மாதம் பொறுக்க முடியாமல், “ஜெபத்துக்கு வராதவனுக்குச் சாப்பாடு கிடையாது” என்று சொல்லிவிட்டேன். வந்து உட்கார்ந்தான். “ஆண்டவரே, இந்தப் பிள்ளையின் கல்லான இருதயத்தை உடையும், இந்தப் போனுக்கு அடிமையான ஆவியைத் துரத்தும்” என்று கண்ணீரோடு ஜெபித்தேன். ஆமென்கூடச் சொல்லாமல் எழுந்து போய்விட்டான். அவனைக் கண்டிக்க வேண்டிய கணவர், “இப்படியே பண்ணினா அவன் கோயில் பக்கமே வரமாட்டான்” என்று என்னைத்தான் குறை சொன்னார்.

ஒரு குடும்பம் இப்படி அசட்டையாக இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். என் தம்பி 2 வருடத்துக்கு முன் ரத்தப் புற்றுநோயில் போய்விட்டான். அவனுக்கு 39 வயது. கீமோ இரண்டாவது சுற்று முடிந்த வாரம் காய்ச்சல் வந்தது, மூன்றே நாள். அவனுக்காகச் சபையில் ஒருவர் மாற்றி ஒருவர் ஜெபிக்கும் சங்கிலி ஜெபம் வைத்தார்கள். நான் 3 நாள் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருப்பதாக ஆண்டவரிடம் பொருத்தனை (நேர்ச்சை) செய்திருந்தேன். இரண்டாம் நாள் சாயங்காலம் வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி (எனக்குச் சர்க்கரை உண்டு, மாத்திரை போடுகிறேன்) ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டேன், அது யாருக்கும் தெரியாது. அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது, அந்தச் சமயத்தில்கூட என் கணவர் ஒருநாள் கடையை அடைத்து உபவாச ஜெபத்துக்கு வரவில்லை என்பதுதான்.

மகனுக்கு வரும் மார்ச்சில் பரீட்சை. அவன் பைக்கில் டியூஷனுக்குப் போய்த் திரும்பும்வரை எனக்கு உயிரே இல்லை. இவர்களை ஆராதனைக்கு முதலிடம் கொடுக்க வைப்பது எப்படி? தயவுசெய்து வழி சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத சகோதரி

*

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் கணவரின் தூக்கத்துக்கு இடம் இருக்கிறது, மகனின் போனுக்கு இடம் இருக்கிறது, கேஸ் பில்லுக்குக்கூட இடம் இருக்கிறது. மோருக்கு ஒரே ஒரு வாக்கியம். அதையும் “அது இருக்கட்டும்” என்று தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் தாண்ட முடியவில்லை. நீங்கள் இரண்டு வருடமாகச் சுமப்பது அந்த டம்ளரைத்தான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் கேட்காத கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, உங்கள் தம்பி அதனால் இறக்கவில்லை.

கீமோ மருந்து நோயுற்ற அணுக்களோடு, கிருமியை எதிர்க்கும் நல்ல வெள்ளை அணுக்களையும் சேர்த்தே குறைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு சில நாட்கள் அவை மிகவும் தாழ்ந்திருக்கும். அந்த நாட்களில் வரும் காய்ச்சல் சாதாரணக் காய்ச்சல் அல்ல. உடனே ஆன்டிபயாடிக் ஏற்றியும் சிலரைக் காப்பாற்ற முடியாமல் போகிறது. தம்பிக்கு நடந்தது பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். அவருக்கு வைத்தியம் பார்த்த மருத்துவரிடம் ஒருமுறை போய்க் கேளுங்கள், விளக்கிச் சொல்வார்.

உங்களுக்கு அன்று மாலை நடந்ததும் பக்திக் குறைவு அல்ல. சர்க்கரை மாத்திரைகளில் சில, வயிற்றில் ஒன்றும் இல்லாதபோது ரத்தச் சர்க்கரையை 70-க்கும் கீழே இறக்கிவிடும். வியர்வை, கை நடுக்கம், தலைசுற்றல் எல்லாம் அதன் அடையாளங்கள். அப்படியே இருந்திருந்தால் மயங்கி விழுந்திருப்பீர்கள். சங்கிலி ஜெபத்தில் இரண்டாவது நோயாளியாக உங்கள் பெயரைச் சேர்த்திருப்பார்கள். உண்மையில் மோர்கூடப் போதாது, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்திருக்க வேண்டும். இனி மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் வேண்டாம். இதில் நான் கண்டிப்பாகவே சொல்கிறேன்.

பொருத்தனையைச் செலுத்தத் தாமதியாதே என்ற பிரசங்கி 5:4 இப்போது உங்கள் மனதில் ஓடும். மாற்கு 2-ஆம் அதிகாரத்தையும் அதன் பக்கத்தில் வையுங்கள். ஆசாரியர் தவிர வேறு யாரும் புசிக்கக் கூடாத தேவசமுகத்து அப்பங்களைத் தாவீது பசியில் புசித்ததை இயேசு எடுத்துச் சொல்கிறார். தாவீதைக் குற்றம் சொல்வதற்காகச் சொல்லவில்லை, பசித்தவர்கள் பக்கம் நின்று சொல்கிறார். அப்படிப்பட்டவர் கை நடுங்கிய ஒரு பெண்ணிடம் ஒரு டம்ளர் மோருக்கு ஒரு உயிரைக் கணக்குக் கேட்பாரா? கேட்பார் என்று நம்பிக்கொண்டு இரண்டு வருடமாக அவர் முன் முழங்காலில் நிற்கிறீர்கள். இதை நினைக்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது.

இப்போது கடிதத்தைத் திரும்ப வாசித்துப் பாருங்கள். விட்டுப்போன பெயருக்காக மறுபடி ஜெபம், 41 அதிகாரத்துக்குப் படபடப்பு, பைக் திரும்பும்வரை உயிரில்லாமல் காத்திருப்பது. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே பயம்தான்: அன்று நான் ஒன்றை விட்டேன், தம்பி போனான். இன்று ஒன்றை விட்டால் மகன். இதற்கு ஆராதனை என்று நீங்கள் பெயர் வைத்திருக்கிறீர்கள். எனக்கு இது தவணை கட்டுவதாகத் தெரிகிறது. ஒரு மாதம் தவறினால் வீட்டை ஜப்தி செய்துவிடுவார்களோ என்று நடுங்குகிறவர் கட்டும் தவணை.

வேதத்தில் வரும் யோபுவும் அதிகாலையில் எழுந்தவர்தான். தம் பிள்ளைகள் ஒருவேளை பாவம் செய்திருப்பார்களோ என்று ஒவ்வொருவருக்காகவும் சர்வாங்க தகனபலி (முழுவதும் எரிக்கும் பலி) செலுத்தினார். ஒருநாள் இருநாள் அல்ல, அந்த நாட்களிலெல்லாம் அப்படிச் செய்துவந்தார் என்று எழுதியிருக்கிறது. அவர் எதையும் விடவில்லை. ஆனாலும் 10 பிள்ளைகளையும் ஒரே நாளில் இழந்தார். இதைக் கேட்டதும் உங்கள் பயம் கூடலாம், ஆனாலும் மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பலிகள் பிள்ளைகளின் உயிருக்குக் காப்பீடு அல்ல. உங்கள் இரவு ஜெபமும் அல்ல. மகனின் உயிர் உங்கள் முழங்காலில் தொங்கவில்லை, சகோதரி. அதைப் பிடித்துக்கொள்ளும் வேலையை யாரும் உங்களுக்குக் கொடுக்கவில்லை.

யோபு பிறகு என்ன செய்தார்? சால்வையைக் கிழித்து, தரையில் விழுந்து பணிந்துகொண்டார். இனிக் காப்பாற்றப் பிள்ளைகளே இல்லாதபோது செய்த ஆராதனை அது. அதோடு நிற்கவில்லை, மூன்றாம் அதிகாரத்தில் தாம் பிறந்த நாளைச் சபிக்கிறார், அதிகாரம் அதிகாரமாக வழக்காடுகிறார். நீ எங்கோ தவறியிருப்பாய், அதனால்தான் இது வந்தது என்று விளக்கம் சொன்ன நண்பர்களைப் பார்த்து, என் தாசனாகிய யோபு பேசினதுபோல் நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்று கடைசியில் கர்த்தரே சொல்கிறார். உங்களுக்குள்ளும் அந்த நண்பர்களில் ஒருவர் இரண்டு வருடமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார். தம்பிக்காக ஆண்டவரிடம் ஒருமுறையாவது கோபப்பட்டு அழுதீர்களா? கடிதத்தில் அந்த அழுகை இல்லை. சங்கீதம் 13-ஐயும் 88-ஐயும் சத்தமாக வாசித்துப் பாருங்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் முடிகிறது. அதுவும் ஆராதனைப் புத்தகத்தில்தான் இருக்கிறது.

ஃபிரிட்ஜில் ஒட்டிய வசனத்துக்கு வருகிறேன். மத்தேயு 6:33 தனி வசனம் அல்ல, 25-இல் தொடங்கும் பேச்சின் முடிவுப் பகுதி. 25, 31, 34 மூன்றிலும் “கவலைப்படாதிருங்கள்” என்று வருகிறது. ஆகாயத்துப் பறவைகளையும் காட்டுப் புஷ்பங்களையும் காட்டி, பயந்தவர்களை அமர்த்துவதற்காகச் சொன்ன வார்த்தை அது. நீங்கள் 33-ஐ மட்டும் வெட்டியெடுத்து ஒட்டியதில் அது வீட்டாரை மிரட்டும் வார்த்தை ஆகிவிட்டது. மகன் பில்லைச் சொருகியது மரியாதைக் குறைவுதான். ஆனால் அவன் மறைத்தது வேதத்தையா, அம்மாவின் பயத்தையா?

இதில் நான் உங்கள் கணவர் பக்கம். மகனை உட்காரவைத்து, அவன் குறைகளை ஆண்டவரிடம் சொல்வதுபோல் அவனுக்கே சொன்னீர்கள். அது ஜெபம் அல்ல, கண்ணை மூடிக்கொண்டு திட்டுவது. பதில் பேசவும் வழியில்லை, பேசினால் ஜெபத்தில் குறுக்கிட்ட பாவம். எந்தப் பதினேழு வயதுப் பிள்ளையும் எழுந்துதான் போவான். அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். “பயத்தில் பேசிட்டேன்” என்றால் போதும், உபதேசம் சேர்க்க வேண்டாம். கடையை அடைக்காத கணவரைப் பற்றியும் ஒன்று. அந்த மாதங்களில் மருத்துவமனைக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை வியாதியஸ்தர் பக்கத்தில் நிற்கும் மகளைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. “வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்” என்ற மத்தேயு 25:36-ஐ அவள் டியூட்டி நேரத்தில் வாழ்ந்துகொண்டிருக்கிறாள்.

குடும்ப ஜெபத்தைச் சாப்பாட்டுக்கு முன் மாற்றுங்கள். கணவர் குளித்து வந்ததும் 9.30-க்கு, பத்தே நிமிடம். சாப்பிட்ட பிறகு உட்கார்ந்தால் யாருக்கும் தூக்கம் வரும். பசி இருந்தால் ஜெபமும் தானாகவே சுருங்கும். பாட்டில் ஒரே ஒரு சரணம், மகன் தேர்ந்தெடுக்கட்டும். ஒரு சிறு சங்கீதத்தைக் கணவர் வாசிக்கட்டும். ஒரு நிமிடம் மௌனம். ஆளுக்கு ஒரு வாக்கியம், விருப்பமில்லாதவர் சும்மா இருக்கலாம். பரமண்டல ஜெபத்தோடு முடித்துவிடுங்கள். அறையில் இருப்பவர் பெயரை ஜெபத்தில் சொன்னால் அது நன்றிக்காக மட்டும் இருக்கட்டும். முதல் ஒரு மாதம் நீங்கள் நடத்த வேண்டாம்.

உங்கள் தனி ஜெபத்துக்கு ஒரே விதி: திரும்பச் செய்யக் கூடாது. மனம் சிதறினாலும், பெயர் விட்டாலும், ஆமென் சொல்லி எழுந்துவிடுங்கள். 41 அதிகாரங்களை அப்படியே விட்டுவிட்டு இன்றைய தேதிக்குரிய பகுதியிலிருந்து வாசியுங்கள். கஷ்டமாக இருக்கும், படபடப்பு முதலில் கூடும். ஒவ்வொரு முறை சரிக்கட்டும்போதும், ‘சரிக்கட்டியதால்தான் தப்பித்தோம்’ என்று மனம் கற்றுக்கொள்கிறது. சரிக்கட்டாமல் விட்டு, ஒன்றும் நடக்காத இரவுகள் சேரச் சேரத்தான் அந்தப் பாடம் கலையும். இப்படித் திரும்பத் திரும்பச் செய்வது ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போனால் அது ஓ.சி.டி. என்னும் எண்ணச் சுழற்சி நோயாக இருக்கலாம். பக்தியின் வடிவிலும் அது வரும். கடிதத்தை வைத்து நோய் சொல்ல மாட்டேன். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், இதற்குப் பேச்சு சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன. முதலில் போனில் பேசிப் பார்க்கலாம் என்றால், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

இதையெல்லாம் தொடங்குவதற்கு முன் ஒரு காரியம். மோர் விஷயம் யாருக்கும் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். இப்போது எனக்குத் தெரியும். அடுத்து உங்கள் கணவருக்குத் தெரிய வேண்டும். இரவில் வேண்டாம், தூங்கி விழுவார். ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டு, மகன் படிக்கப் போன பிறகு சொல்லுங்கள். அவர் சாய்வதற்கு முன் சொல்லிவிடுங்கள்.