சூப்பர்மேனை வளர்த்தவர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஜேம்ஸ் கன் இயக்கி 2025-ல் வெளிவந்த சூப்பர்மேன் படத்தை அண்மையில்தான் பார்த்தேன். ராட்சத மிருகம் ஒன்று நகரத்தை நொறுக்கிக்கொண்டிருக்கிறது. இவர் நடுவில் ஓர் அணிலைத் தூக்கி ஓரமாக விடுகிறார். எனக்கு எரிச்சலாக இருந்தது. 2013-ல் ஸாக் ஸ்னைடர் காட்டிய சூப்பர்மேன் தனிமையும் கோபமும் உள்ளவர். வேறு வழியில்லாதபோது வில்லனின் கழுத்தை முறிக்கிறார். அவர்தான் நம் காலத்துக்கு ஏற்றவர், முதிர்ந்த ரசிகர்களுக்கானவர் என்று நினைக்கிறேன். பழைய காமிக்ஸின் ‘நல்ல பிள்ளை’ இன்று எடுபடுமா? இத்தனை வடிவங்களில் எது உண்மையான சூப்பர்மேன்? 2013-ன் ஹென்றி கேவில், 2025-ன் டேவிட் கோரன்ஸ்வெட் இருவரில் யார் பொருத்தமானவர்? நானும் என் தம்பியும் இதைப் பற்றிச் சண்டையே போட்டுவிட்டோம்.

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

சூப்பர்மேனுக்காக அண்ணனும் தம்பியும் சண்டை போடுகிற வீடு நல்ல வீடு. நடிகர்களை ஒப்பிடும் கேள்வியை விட்டுவிடுகிறேன். இருவருமே தங்களுக்குக் கொடுக்கப்பட்டதைச் சரியாகச் செய்தவர்கள். தாடை, தோள், உயரம் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

பழைய காமிக்ஸில் அவர் நல்ல பிள்ளை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் அவற்றைப் படிக்கவில்லை என்பது அந்த ஒரு வரியிலேயே தெரிகிறது. 1938-ல் கிளீவ்லாந்து நகரத்து இளைஞர்கள் ஜெர்ரி சீகலும் ஜோ ஷஸ்டரும் வெளியுலகுக்குக் கொண்டுவந்த சூப்பர்மேன் முரடர். ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் மனைவியை அடிப்பவனைத் தூக்கிச் சுவரில் எறிகிறார். ஊழலுக்குத் தரகு வேலை பார்ப்பவனைச் சுமந்துகொண்டு கம்பிகளின் மேல் ஓடி அலறவைக்கிறார். மூன்றாவது இதழில், பாதுகாப்பில்லாத சுரங்கத்தின் முதலாளியும் விருந்து உடையில் இருக்கும் அவருடைய விருந்தினர்களும் சுரங்கத்துக்குள் இறங்கியிருக்கும்போது பாதையை மூடிவிடுகிறார். தொழிலாளி எப்படிச் சாகிறான் என்பதை அந்தச் சீமான்கள் மண்வெட்டி பிடித்துத் தெரிந்துகொள்கிறார்கள். அப்போது அவருக்குப் பறக்கக்கூடத் தெரியாது, தாவத்தான் தெரியும். பொருளாதார மந்தத்தில் வளர்ந்த ஏழை வீட்டுப் பிள்ளைகளின் கோபம் அது. அவருடைய கோபத்தை ஸ்னைடர் கண்டுபிடித்துக் கொடுக்கவில்லை.

கழுத்து முறிப்பும் புதிதல்ல. 1988-ல் ஜான் பைர்ன் எழுதிய கதையில் சூப்பர்மேன் கிரிப்டான் கிரகத்துக் குற்றவாளிகள் மூவரைக் கொல்கிறார். பின்வந்த கதைகளில் அதன் குற்றவுணர்வு தாங்காமல் பூமியை விட்டே போய்விடுகிறார். கொன்றாரா இல்லையா என்பதை வைத்து ஆளை எடைபோடுவதை நீங்களும் உங்கள் தம்பியும் நிறுத்திவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

இருண்டது முதிர்ந்தது, வெளிச்சமானது குழந்தைத்தனம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. யார் சொல்லிக்கொடுத்தார்கள் இதை? முகத்தைச் சுளித்துக்கொண்டு வந்து நின்றால் ஆழமான மனிதர், அணிலைத் தூக்கிவிட்டால் அசடா? உங்கள் வீட்டில் யாராவது ஒருவர், தன் வேலைக்கு நடுவே தெருநாய்க்குத் தண்ணீர் வைப்பவராக இருப்பார். அவரை அசடு என்று சொல்வீர்களா? சினிமாவில் மட்டும் ஏன் அந்தக் குணத்தைக் கண்டு எரிச்சல் வருகிறது என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

சூப்பர்மேன் எப்படி மாறினார் என்று அறிய அவர் முகத்தைப் பார்த்துப் பயனில்லை என்று வெகுநாட்களாகச் சொல்லிவருகிறேன். அவரை வளர்த்தவரைப் பாருங்கள். கிரிப்டான் கிரகத்திலிருந்து குழந்தையாக வந்து சேர்ந்தவரை எடுத்து வளர்த்த கன்சாஸ் விவசாயி ஜோனதன் கென்ட். ஒவ்வொரு காலத்திலும் எழுத வந்தவர்கள் முதலில் அந்தக் கிழவரைத்தான் மாற்றினார்கள். பிள்ளை தானாக மாறிவிட்டான்.

1938-ன் முதல் கதையில் கென்ட் தம்பதியே கிடையாது. சாலையில் போன யாரோ குழந்தையை எடுத்து அநாதை இல்லத்தில் சேர்க்கிறார்கள். அவ்வளவுதான். 1939-ல் சூப்பர்மேன் பெயரிலேயே தனி இதழ் வந்தபோதுதான் வளர்ப்புப் பெற்றோர் வருகிறார்கள். அந்தப் பக்கத்தில் அப்பா சொல்கிறார்: உன் பலத்தை மறைத்து வை, தெரிந்தால் மக்கள் பயப்படுவார்கள். உடனே அம்மா சொல்கிறார்: ஆனால் நேரம் வரும்போது அதை மனிதகுலத்துக்கு உதவப் பயன்படுத்த வேண்டும். அப்பாவின் பயமும் அம்மாவின் கட்டளையும் அடுத்தடுத்து நிற்கின்றன. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டுவரும் எல்லாச் சூப்பர்மேன்களையும் இந்த இரண்டு வசனங்களில் எதன் பக்கம் சாய்ந்தார்கள் என்று கேட்டே பிரித்துவிடலாம்.

ரிச்சர்ட் டோனரின் 1978 படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கிளென் ஃபோர்டு நடித்த ஜோனதன், விளையாட்டில் புள்ளி எடுப்பதற்காக நீ இந்த உலகத்துக்கு வரவில்லை, ஏதோ காரணத்துக்காக வந்திருக்கிறாய் என்று மகனிடம் சொல்கிறார். சில விநாடிகளில் இருவரும் வீட்டை நோக்கி ஓடுகிறார்கள். பிள்ளை முன்னால் போய்விடுகிறான். பெரியவர் நடை தளர்ந்து நிற்கிறார். கை வலிக்கிறது, பிடித்துக்கொள்கிறார். “ஐயோ” என்று மெல்ல ஒரு சொல், அப்படியே சாய்கிறார். மாரடைப்பு. அடக்கம் முடிந்து நிற்கும்போது அந்தப் பிள்ளை சொல்கிறான், இவ்வளவு சக்தி இருந்தும் இவரைக் காப்பாற்ற முடியவில்லையே என்று.

இந்தப் படத்தை நான் வாடகைக்கு எடுத்த வீடியோ டெக்கில் பார்த்தேன். என்னை வளர்த்தவர் பெரியப்பா. சைக்கிள் கடை வைத்திருந்தார், ஆங்கிலம் தெரியாது. கறுப்பு மசி படிந்த விரல்களை முழங்காலில் கோத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். அதுவரை பார்த்த எதையும் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கல்லறைக் காட்சி வந்ததும் என் பக்கம் திரும்பி, “அவர் பெத்தவரா, வளர்த்தவரா?” என்றார். வளர்த்தவர் என்றேன். தலையை ஆட்டிவிட்டு, “பின்னே அழ மாட்டானா?” என்றார். அந்தப் பிள்ளை பேசிய வசனத்தை நான் அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. பின்னாளில் அவர் மருத்துவமனையில் கிடந்தபோது என்னிடம் படிப்பு இருந்தது, வேலை இருந்தது, கையில் பணமும் இருந்தது. எதுவும் அவருக்கு உதவவில்லை. அன்றிலிருந்து அந்த வசனத்தை நான் வெறும் சினிமா வசனமாகக் கேட்டதில்லை.

இப்போது 2013-க்கு வாருங்கள். கெவின் காஸ்ட்னர் நடித்த ஜோனதன். பள்ளிப் பேருந்து ஆற்றில் விழுகிறது. சிறுவன் கிளார்க் (கென்ட் வீட்டில் சூப்பர்மேனின் பெயர் அதுதான்) அதைத் தள்ளிக் கரையேற்றுகிறான். பிறகு அப்பாவிடம், அவர்களைச் சாக விட்டிருக்க வேண்டுமா என்று கேட்கிறான். “ஒருவேளை” என்கிறார் அவர். ஒரு குழந்தையிடம், மற்றக் குழந்தைகளின் உயிரைப் பற்றி! பிறகு அந்தச் சூறாவளிக் காட்சி. எல்லோரும் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்கியிருக்கிறார்கள். நாய் காருக்குள் மாட்டிக்கொள்ள, அதை மீட்கத் திரும்பிப் போகிறார் ஜோனதன். கால் அடிபட்டுவிடுகிறது. வளர்ந்துவிட்ட கிளார்க் ஓட எத்தனிக்கிறான். அவர் உள்ளங்கையை உயர்த்தி, வராதே என்கிறார். பிள்ளை நின்றுவிடுகிறான். காற்று அவரை அடித்துக்கொண்டு போகிறது.

முதல் படத்தில் பிள்ளையால் முடியவில்லை. இரண்டாவதில் அவனால் முடியும், கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும், ஆனால் நிற்கிறான். நாலு பேர் பார்த்துவிடுவார்கள் என்பதற்காக வளர்த்தவரைச் சாகக் கொடுக்கிறான். முதல் பிள்ளைக்குப் பணிவு வந்தது, தன் சக்திக்கும் எல்லை உண்டு என்று தெரிந்தது. இரண்டாவது பிள்ளைக்கு என்ன வந்திருக்கும்? நீங்கள் ரசித்த அந்தத் தனிமையும் கோபமும்தான். 2016-ல் வந்த அடுத்த படத்தில் அம்மாவும் சேர்ந்துகொண்டு, இந்த உலகத்துக்கு நீ எந்தக் கடனும் படவில்லை என்கிறார். 1939-ல் அந்த அம்மா சொன்னதை நினைத்துப் பாருங்கள். அதே அம்மாவின் வாயிலிருந்து நேர் எதிரான பேச்சு.

அந்த ஜோனதனை நான் வெறுக்கவில்லை. பிள்ளையை யாராவது பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று நடுங்கும் தகப்பன் அவர். நீ எதற்காக அனுப்பப்பட்டாய் என்று தேடிக் கண்டுபிடி என்று அவரும் சொல்கிறார். காஸ்ட்னர் அந்தப் பயத்தை மிகுந்த அன்போடு நடித்திருக்கிறார். ஆனால் பயத்தை மட்டும் ஊட்டி வளர்த்துவிட்டு, பிள்ளை பெரியவனாகி ஊரைக் காப்பாற்றும்போது சிரிக்கவில்லையே என்றால் எப்படிச் சிரிப்பான்?

உங்களுக்கு எரிச்சலூட்டிய 2025 படத்தில் நடப்பதே வேறு. கிரிப்டானிலிருந்து பெற்றோர் அனுப்பிய செய்தியின் பாதியைத்தான் அவர் வாழ்நாள் முழுவதும் கேட்டு ஆறுதல் அடைந்திருக்கிறார். மறுபாதியை வில்லன் லெக்ஸ் லூதர் வெளியிடுகிறான். இந்த மனிதர்களை நீ ஆள வேண்டும் என்கிறார்கள் பெற்றவர்கள். உடைந்துபோய் ஊருக்கு வருகிறார் கிளார்க். கென்ட் தம்பதி இங்கே மிகச் சாதாரணமானவர்கள், தொலைபேசியில் பேசினால் கத்துகிறவர்கள். அந்த அப்பா, பிள்ளை யாராக வேண்டும் என்று சொல்வது பெற்றோரின் வேலையல்ல, நீ தேர்ந்தெடுப்பதும் செய்வதும்தான் நீ என்கிறார். படத்தின் தொடக்கத்தில் காயத்தோடு படுத்திருக்கும் அவருக்கு ரோபோக்கள் கிரிப்டான் பெற்றோரின் செய்தியை ஓட்டிக் காட்டுகின்றன. முடிவில் அதே இடத்தில் ஓடுவது கன்சாஸ் வீட்டில் எடுத்த பழைய வீடியோ, கென்ட் தம்பதியோடு விளையாடும் குழந்தை. அந்த வீட்டில் வளர்ந்தவன் அணிலைத் தாண்டிப் போக மாட்டான். நீங்கள் அணிலை மட்டும் பார்த்துவிட்டு அந்த வீட்டைப் பார்க்காமல் வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. ஜெர்ரி சீகலின் அப்பா துணிக்கடை வைத்திருந்தவர், லிதுவேனியாவிலிருந்து குடியேறிய யூதர். 1932-ல் கடையில் திருட்டு நடந்த இரவில் மாரடைப்பில் இறந்துபோனார். அப்போது சீகலுக்குப் பதினேழு வயது. குண்டு துளைக்காத மனிதனை அவர் கற்பனை செய்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு என்று சிலர் எழுதியிருக்கிறார்கள், நானும் நம்புகிறேன். 1978 படத்தில் ஜோனதன் மாரடைப்பில் விழும்போது எனக்கு அந்தத் துணிக்கடையும் நினைவுக்கு வருகிறது. அப்பாவைக் காப்பாற்ற முடியாத பிள்ளைதான் இந்தக் கதையின் வேர். அந்தக் கதையை, தன்னைக் காப்பாற்றவிடாத அப்பாவின் கதையாக மாற்றியதில் எனக்கு ஆறாத வருத்தம் உண்டு.

எது உண்மையான சூப்பர்மேன் என்று கேட்டிருந்தீர்கள். 1939-ன் அந்த அம்மா சொன்னதைக் காதில் வாங்கிய எவரும்தான். 2013 படத்தை மறுபடியும் பாருங்கள். சண்டைகளை ஓட்டிவிட்டுக் காஸ்ட்னர் வரும் இடங்களை மட்டும் பாருங்கள். முடிந்தால் கிராண்ட் மாரிசனும் ஃபிராங்க் குவைட்லியும் செய்த ஆல் ஸ்டார் சூப்பர்மேன் தொகுப்பை வாங்கிப் படியுங்கள். மாடி விளிம்பில் நிற்கும் பெண்ணிடம் அவர் பேசும் பக்கத்தில் எந்த வில்லனும் இல்லை, எந்தக் கட்டடமும் இடியவில்லை. அதற்குப் பிறகும் நல்லவர் இன்று எடுபட மாட்டார் என்று தோன்றினால் எழுதுங்கள், சண்டை போடலாம். தம்பியையும் தனியாக ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்.