காலக்கெடுவை வைத்தது யார்?

கேள்வி: அழுத்தம் அதிகமாக இருக்கும் நேரத்தில் நிறுவனத் தலைவர்கள் கடினமான முடிவுகளை எப்படி எடுக்கிறார்கள்?

நான் தலைமைப் பொறுப்பில் இருந்தவன் இல்லை. ஆனால் அப்படி ஒருவருக்குப் பக்கத்து நாற்காலியில் 16 வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். சம்பளக் கணக்கு போடும் மென்பொருள் செய்கிற நிறுவனம் அது. புதிய பதிப்புகளை வெளியிடுவது என் பொறுப்பு. அங்கே ஒரு ராத்திரி நான் பார்த்ததை வைத்துத்தான் இந்தப் பதிலை எழுதுகிறேன்.

மாதக் கடைசி, இரவு ஒன்பதரை மணி. அன்று மாலைதான் புதிய பதிப்பை எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஏற்றியிருந்தோம். ஒரு நிறுவனத்தின் கணக்காளர் போன் செய்து, மாத நடுவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு வரி இரண்டு முறை பிடித்தமாகிறது என்றார். சோதித்துப் பார்த்தோம், உண்மைதான். அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் அப்படித்தான் ஆகியிருந்தது. காலை ஆறு மணிக்குச் சம்பளக் கோப்புகள் வங்கிக்குப் போயாக வேண்டும்.

அறையில் எட்டுப் பேர், எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினோம். இரண்டு மணி நேரத்தில் திருத்திவிடலாம் என்றார் ஒருவர். பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாம் என்றார் இன்னொருவர். அப்படிச் செய்தால் மாலையிலிருந்து வாடிக்கையாளர்கள் பதிந்ததெல்லாம் போய்விடும், அவர்கள் மறுபடி உட்கார்ந்து பதிய வேண்டும். பாதிக்கப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான், இந்த மாதம் அப்படியே போகட்டும், அடுத்த மாதம் சரிக்கட்டிக்கொள்ளலாம் என்றார் விற்பனைப் பிரிவுக்காரர். எங்கள் தலைவரை மேடம் என்றுதான் கூப்பிடுவோம். அவர் பேனா மூடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "ஆறு மணின்னு யார் சொன்னது?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தோம். பகல் பதினொன்றரை மணி வரைக்கும் வங்கி கோப்புகளை வாங்கிக்கொள்ளும் என்று இருந்தது. ஆறு மணி என்பது ஆரம்ப காலத்தில் நாங்களே வைத்துக்கொண்ட வழக்கம். வருடக்கணக்கில் அதையே பார்த்துப் பார்த்து, மீற முடியாத கெடு என்று நினைத்துவிட்டோம். ஒரே ஒரு கேள்வியால் ஐந்தரை மணி நேரம் கூடுதலாகக் கிடைத்தது.

அதற்கப்புறம் எந்த நெருக்கடியைப் பற்றிப் படித்தாலும் அங்கே கெடுவை வைத்தது யார் என்றுதான் முதலில் தேடுகிறேன். 1986 ஜனவரி 27 இரவு, சாலஞ்சர் விண்கலம் கிளம்புவதற்கு முந்தின நாள் நடந்த தொலைபேசிக் கூட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராக்கெட்டின் பக்கவாட்டு எஞ்சின்களைச் செய்த மார்ட்டன் தியோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் எஞ்சின் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிவிடும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்றார்கள். நாசா தரப்பில் அதை ஏற்காமல் கடுமையாகக் கேள்வி கேட்டார்கள். ஏவுதல் ஏற்கெனவே பலமுறை தள்ளிப்போயிருந்தது. தியோகால் ஆட்கள் ஐந்து நிமிடம் தனியாகப் பேசிக்கொள்கிறோம் என்று கேட்டார்கள், அது அரை மணி நேரம் ஆனது. அந்த அரை மணி நேரத்தில்தான் மூத்த நிர்வாகி ஒருவர், பொறியியல் பிரிவுத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகித் தொப்பியைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். முடிவு மாறியது. மறுநாள் காலை கிளம்பிய விண்கலம் 73 விநாடிகளில் சிதறியது. ஏழு பேரும் இறந்துபோனார்கள்.

அந்தக் கூட்டத்தில் என்னை உலுக்குவது, கேள்வியே தலைகீழாகப் போன விதம். வழக்கமாக, ஏவுவது பாதுகாப்பானது என்று நிரூபித்தால்தான் ஏவலாம். அன்றைக்கோ, ஆபத்து என்று நிரூபித்தால்தான் நிறுத்துவோம் என்று ஆகிவிட்டது. இதை அங்கே இருந்த பொறியாளர்களே பிறகு விசாரணையில் சொன்னார்கள். அழுத்தம் இப்படித்தான் வேலை செய்கிறது. யாரும் வேண்டுமென்றே தப்பான முடிவு எடுப்பதில்லை. வேண்டாம் என்கிறவர் தலையில் ஆதாரச் சுமையை ஏற்றிவிட்டால் போதும், மற்றது தானாக நடக்கும்.

எங்கள் அறையிலும் அது நடந்துகொண்டிருந்தது. இரண்டு மணி நேரத்தில் திருத்திவிடலாம் என்று சொன்னவர் திறமைசாலி, குரலும் பெரியது. மற்றவர்கள் மெல்ல மெல்ல அவர் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தோம். மேடம் எல்லோரையும் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்தார். என்ன செய்யணும், அது எப்படித் தப்பாப் போகலாம், இரண்டே வரியில் எழுதுங்க என்றார். அனுபவம் குறைந்தவரின் தாளை முதலில் படித்தார். அது சோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண்ணுடையது, வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் ஒரு வரிதான் எழுதியிருந்தார்: "இந்த ஒரு இடத்தில் மட்டும்தான் தப்பு இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்?"

அந்த வரியோடு அவசரத் திருத்தம் என்கிற வழி அடைபட்டது. தெரியாத பள்ளத்தின் மேல் இன்னொரு பலகையைப் போடுகிற வேலை அது என்று எல்லோருக்கும் புரிந்தது.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அதே பெண் இரண்டு வாரத்துக்கு முன்பு என் மேசைக்கு வந்து, வரிக் கணக்குப் பகுதியைச் சோதிக்க இன்னும் மூன்று நாள் வேண்டும் என்று கேட்டார். வெளியீட்டுத் தேதி குறித்தாகிவிட்டது என்று சொல்லி நான்தான் திருப்பி அனுப்பினேன். அந்தத் தேதியை வைத்ததும் நான்தான். இன்றைக்கு நினைத்தாலும் வலிக்கிறது. ஒரு தலைவர் நெருக்கடியில் எடுக்கும் முடிவின் தரம், கெட்ட செய்தி அவரிடம் எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த வழியை அடைத்து வைப்பது பெரும்பாலும் என்னைப் போல நடுவில் இருப்பவர்கள்தான்.

பெரிய நிறுவனங்களின் கதைகளைச் சொல்லும்போது நாம் நேரத்தைச் சுருக்கிவிடுகிறோம். 1982-இல் சிகாகோ பகுதியில் சயனைடு கலந்த டைலனால் என்கிற வலி மாத்திரைகளால் ஏழு பேர் இறந்தார்கள். யாரோ கடைகளில் இருந்த பாட்டில்களில் விஷம் வைத்திருக்கிறார்கள், தொழிற்சாலையில் தவறில்லை. அந்த மாத்திரையைச் செய்த ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் பர்க் நாடு முழுவதும் ஏறக்குறைய 3.1 கோடி பாட்டில்களைத் திரும்பப் பெற்றார், 10 கோடி டாலருக்கு மேல் மதிப்பு. உடனே துணிந்து முடிவெடுத்தார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையில் அது படிப்படியாக நடந்தது. செப்டம்பர் 29-இல் மரணங்கள் தொடங்கின. முதலில் குறிப்பிட்ட ஒரு தொகுதியைத் திரும்பப் பெற்றார்கள், மக்களை எச்சரித்தார்கள், விளம்பரங்களை நிறுத்தினார்கள். நாடு தழுவிய அறிவிப்பு அக்டோபர் 5-இல்தான் வந்தது. தயங்கினார்கள் என்று இதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முதலில் தீங்கை நிறுத்த வேண்டும், விவரம் தெரியத் தெரிய வட்டத்தைப் பெரிதாக்க வேண்டும். இப்படிச் செய்வதற்கு யாருக்கு முதலில் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அந்த நிறுவனத்தில் அது 1943-லேயே எழுதி வைக்கப்பட்டிருந்தது. மருந்தைப் பயன்படுத்துகிறவர்கள் முதலில், பங்குதாரர்கள் கடைசியில். நெருக்கடி வந்த பிறகு உட்கார்ந்து அந்த வரிசையைப் போட முடியாது.

கெடு எதுவுமே இல்லாத அழுத்தமும் உண்டு, ஒரு வகையில் அதுதான் மோசமானது. இன்டெல் 1968-இல் நினைவகச் சிப்பு செய்யத் தொடங்கிய நிறுவனம். 1985 வாக்கில் ஜப்பானிய நிறுவனங்களோடு அந்தத் தொழிலில் போட்டி போட முடியவில்லை, விடவும் மனமில்லை. பேச்சு மாதக்கணக்கில் இழுத்தது. நம்மைத் துரத்திவிட்டு வேறொரு தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார் என்று இன்டெலின் பிரசிடெண்ட் ஆண்ட்ரூ குரோவ் கேட்டார். நினைவகத் தொழிலை விட்டுவிடுவார் என்று தலைமை நிர்வாகி கார்டன் மூர் தயங்காமல் சொன்னார். அப்படியானால் அதை நாமே செய்யலாமே என்றார் குரோவ். விடை இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்திருந்தது. வளர்த்தவர்களின் கை அதை விடுவதற்குத்தான் அந்தக் கேள்வி தேவைப்பட்டது. சொந்த வாழ்க்கையிலும் இந்தக் கேள்வி எனக்கு இரண்டு முறை உதவியிருக்கிறது.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். மேடம் பத்து நிமிடம் வராந்தாவில் தனியாக நடந்துவிட்டு வந்தார். பழைய பதிப்புக்குத் திரும்புகிறோம், எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இப்போதே போன் செய்து சொல்கிறோம் என்றார். விற்பனைப் பிரிவுக்காரர், ராத்திரி பதினொன்றரைக்கா மேடம் என்று கேட்டார். "காலையில அவங்களே கண்டுபிடிச்சா நல்லா இருக்குமா?" என்றார் மேடம். முதல் போனை அவரே செய்தார், எங்களுடைய மிகப் பெரிய வாடிக்கையாளருக்கு. அந்தப் பக்கம் கத்துவது எங்களுக்கே கேட்டது. அவர் ஒரு காரணமும் சொல்லவில்லை. தவறு எங்களுடையது, இன்னின்ன பதிவுகளை மறுபடி செய்ய வேண்டும், எங்கள் ஆள் ஒருவர் இப்போதிலிருந்து காலை வரை உங்களோடு இருப்பார் என்று மட்டும் சொன்னார். போனை வைத்தபோது அவர் கை நடுங்கியது. தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த எண்ணைச் சுற்றினார்.

கடைசிக் கோப்பு 10.50-க்கு வங்கிக்குப் போனது. அந்த மாதம் இரண்டு வாடிக்கையாளர்கள் எங்களை விட்டுப் போனார்கள். அடுத்த வாரம் புதிய பதிப்பை முழுவதும் சோதித்தபோது வரிக் கணக்கில் இன்னும் இரண்டு இடங்களில் பிழை இருந்தது. அந்த ராத்திரி அவசரமாகத் திருத்தியிருந்தால் அவை அப்படியே சம்பளத்தில் ஏறியிருக்கும்.

வேலை நடைமுறைக் குறிப்பில் "காலை 6.00, கடைசி நேரம்" என்று பல வருடங்களாக இருந்த வரியை அந்தச் சோதனைப் பிரிவுப் பெண்ணே மாற்றி எழுதினார். இப்போது அங்கே இரண்டு வரிகள் இருக்கின்றன: "6.00, நாம் வைத்துக்கொண்டது. 11.30, வங்கி வைத்தது."