கால்கட்டை அவிழ்த்துவிடும் சொல்

வணக்கம் ஐயா,

நான் அலுவலக ஆவணங்களை மொழிபெயர்ப்பவன். ஆங்கிலத்தில் 'எக்ஸ்பெடைட்' என்று வரும் இடத்திலெல்லாம் 'துரிதப்படுத்து' என்று எழுதிவிடுகிறேன். 'அக்செலரேட்' வந்தாலும் அதே சொல்தான். இரண்டும் ஒன்றுதானா? 'எக்ஸ்பெடைட்' லத்தீனில் எங்கிருந்து வந்தது?

கே.

அன்புள்ள கே,

ஒன்றல்ல. 'அக்செலரேட்'டின் மூலம் 'கெலெர்'. விரைவான என்று பொருள். 'எக்ஸ்பெடைட்'டிலோ விரைவைக் குறிக்கும் வேரே கிடையாது. அதற்குள் இருப்பது கால்.

லத்தீனில் 'பெஸ்' என்றால் பாதம். உருபு ஏற்கும்போது 'பெட்' என்று திரியும். வடமொழி வழியாக நம்மிடம் வந்த 'பாதம்' இதற்குத் தூரத்து உறவு. 'எக்ஸ்' என்றால் வெளியே. 'எக்ஸ்பெடீரே' என்பது தளையிலிருந்து காலை விடுவிப்பது. காலைத் தளையில் மாட்டுவது 'இம்பெடீரே'. ஆங்கிலத்தில் தடுப்பதைச் சொல்லும் 'இம்பீட்' அதன் வழிவந்தது. 'பையனுக்கு ஒரு கால்கட்டு போட்டுடணும்' என்று பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்த நமக்கு இந்த லத்தீன் எளிதில் புரியும்.

ரோமானியப் படையில் இந்த இரு சொற்களும் அன்றாடப் புழக்கத்தில் இருந்தன. மூட்டை முடிச்சுகளுக்கும் அவற்றைச் சுமக்கும் விலங்குகளுக்கும் 'இம்பெடிமெண்டா' என்று பெயர், காலைக் கட்டுபவை. சுமையின்றிச் செல்லும் வீரர்கள் 'எக்ஸ்பெடிடி'. கி.மு. 57இல், இன்றைய பெல்ஜியப் பகுதியில் வாழ்ந்த நெர்வியர் என்ற இனத்தார் ரோமானியத் தளபதி சீசரின் படைக்காகக் காட்டில் பதுங்கியிருந்தார்கள். ஒவ்வொரு லீஜியனுக்குப் (ஆயிரக்கணக்கான வீரர்கள் கொண்ட ரோமானியப் படைப்பிரிவு) பின்னும் அதன் சுமைகள் வரும், முதல் லீஜியன் தனியாக மாட்டும் என்பது அவர்கள் கணக்கு. பகைவரை நெருங்குகிறோம் என்பதால் சீசர் அணிவகுப்பை மாற்றியிருந்தார். ஆறு லீஜியன்கள் சுமையில்லாமல் முன்னே, மொத்தச் சுமையும் அவற்றுக்குப் பின்னே, புதிதாகத் திரட்டிய இரண்டு லீஜியன்கள் கடைசியில். சுமைவரிசை கண்ணில் பட்டதும் பாய்வதென்று பேசி வைத்திருந்த நெர்வியர் அப்படியே பாய்ந்தார்கள். எதிரே நின்றவை ஆறு லீஜியன்கள். அப்படியும் சீசர் மிகுந்த பாடுபட்டுத்தான் வென்றார்.

உங்கள் வேலைக்கு வருவோம். 'அக்செலரேட்'டுக்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: முடுக்கு. பள்ளி இயற்பியலில் 'முடுக்கம்' படித்திருக்கிறோம்; 'பணிகள் முடுக்கிவிடப்பட்டன' என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அதைப் பயன்படுத்துங்கள்.

'எக்ஸ்பெடைட்'டுக்கு எல்லா இடத்திலும் வேரைத் தோண்ட வேண்டாம். இன்றைய ஆங்கிலத்தில் பலரும் அதை 'சீக்கிரம் முடி' என்ற அளவில்தான் எழுதுகிறார்கள். அங்கே 'விரைந்து முடிக்கவும்' போதும். ஆனால் ஒரு கோப்பு ஏதோ ஒரு சான்றிதழுக்காகவோ கையெழுத்துக்காகவோ மாதக்கணக்கில் தேங்கிக் கிடக்கிறது, அதைப் பற்றிய கடிதம் அது என்றால் 'துரிதப்படுத்து' எனக்கு உறுத்துகிறது. கட்டிப்போட்ட மாட்டை விரட்டுவதுபோல் இருக்கிறது. அந்த இடத்தில் நானாக இருந்தால் 'தடையை நீக்கி விரைந்து அனுப்பவும்' என்று எழுதுவேன்.