கேட்டது ஒரு வேரியன்ட், வந்தது வேறு: போனில் பேசாதீர்கள், எழுதுங்கள்

கேள்வி: கோயம்புத்தூர் ஷோரூம் ஒன்றில் புது கார் எடுத்தோம். புக்கிங் ஃபாரத்தில் இருப்பது பெயருக்குப் பின்னால் ‘ஓ’ என்று வரும் வேரியன்ட். அதில்தான் பின் சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், பக்கவாட்டு ஏர்பேக், டயர் காற்றழுத்தம் காட்டும் வசதி எல்லாம் உண்டு. டெலிவரி எடுத்த 9-ஆம் நாள் காற்று பிடிக்கப் போனோம். கடைக்காரர் சக்கரத்தின் இடுக்கு வழியாகப் பார்த்துவிட்டு, “பின்னாடி டிரம்தானேம்மா இருக்கு” என்றார். வீட்டுக்கு வந்து பில்லைப் பார்த்தால் ‘ஓ’ இல்லை. ஆனால் நாங்கள் கட்டியது பேசிய 12,40,000 ரூபாய்தான். வித்தியாசத்தை ஆக்சஸரீஸ், ஹேண்ட்லிங் சார்ஜ் என்று தனி பில்லில் காட்டியிருக்கிறார்கள். கேட்டால், “ரெஜிஸ்ட்ரேஷன் ஆயிடுச்சு மேடம், இனி மாத்த முடியாது. 40,000 ரூபாய்க்கு எக்ஸ்ட்ரா ஃபிட்டிங் போட்டுத் தர்றோம், வண்டியை ஒரு நாள் சர்வீஸுக்கு விடுங்க” என்கிறார்கள். 12 நாளாக போனிலேயே பேச்சு. ஆடிட்டர் சொன்னதால் பில் கணவரின் கடை பெயரில் இருக்கிறது. நாங்கள் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியுமா? — வாசகி, திருச்சி

பதில்: போகலாம். ஆனால் அதற்கு முன்பு இன்றைக்கே செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. 12 நாள் போனில் பேசினீர்களே, அதற்கு ஒரு துண்டுச் சீட்டாவது கையில் இருக்கிறதா? இருக்காது. உங்கள் வழக்கில் எனக்குக் கவலை தருவது அந்த 12 நாள்தான், டிரம் பிரேக் அதற்கு அப்புறம்.

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. பழையது, ஆனால் இன்றும் நடப்பில் உள்ளது. சொன்ன விவரப்படிதான் பொருள் இருக்கவேண்டும் என்கிறது அதன் 15-ஆம் பிரிவு. இல்லாவிட்டால் வேண்டாம் என்று மறுக்கலாம். அதே சட்டத்தின் 42-ஆம் பிரிவு, மறுப்பைச் சொல்லாமல் நியாயமான காலத்துக்கு மேல் பொருளை வைத்திருந்தால் அதை ஏற்றுக்கொண்டதாகவே கணக்கு என்கிறது. ஏற்றுக்கொண்டுவிட்டால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். நஷ்ட ஈடு மட்டும் கேட்கலாம். ‘நியாயமான காலம்’ எத்தனை நாள் என்று சட்டத்தில் எண் கிடையாது. அதனால் ஷோரூம்காரர்கள் செய்வது ஒன்றுதான்: நாளைக் கடத்துவது. “மேனேஜர் லீவு”, “கம்பெனிக்கு மெயில் போட்டிருக்கோம்”, “மாசக் கடைசி மேடம், முடியட்டும்.” ஒவ்வொரு சாக்கும் உங்கள் மீட்டரில் ஐம்பது கிலோமீட்டர்.

ஆகவே இன்று ஒரு கடிதம் எழுதுங்கள். வக்கீல் வேண்டாம், ஆங்கிலமும் வேண்டாம். இவ்வளவு போதும்: “இன்ன தேதியில் இன்ன வேரியன்ட்டை புக் செய்தேன். இன்ன தேதியில் நீங்கள் கொடுத்த, இன்ன சேஸிஸ் எண் கொண்ட வண்டி அந்த வேரியன்ட் அல்ல என்பது இன்ன தேதியில் தெரியவந்தது. இந்த வண்டியை நான் ஏற்கவில்லை. புக் செய்த வண்டியைத் தாருங்கள், அல்லது கட்டிய பணத்தை முழுவதும் திருப்பித் தாருங்கள். 15 நாளில் எழுத்தில் பதில் வேண்டும். இன்றைய ஓடோமீட்டர் இவ்வளவு.” உங்கள் கணவர் கையெழுத்திட்டு ஸ்பீட் போஸ்ட்டில் ஷோரூமுக்கு ஒன்று, தயாரிப்பு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்துக்கு ஒன்று. அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள். டெலிவரி ஆனதற்கான சான்றைத் தபால் துறையின் தளத்திலிருந்து எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வண்டியை நிறுத்தி வைக்க முடிந்தால் நிறுத்திவிடுங்கள். முடியாத வீடுகளும் உண்டு, எனக்குத் தெரியும். ஓட்டித்தான் ஆகவேண்டும் என்றால், “வேறு வழியில்லாமல் ஆட்சேபத்துடன் பயன்படுத்துகிறேன்” என்று கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். இதனால் பாதிப்பே வராது என்று நான் சொல்லமாட்டேன், பாதிப்பு குறையும். நீளமான ஊர்ப் பயணம் மட்டும் வேண்டாம்.

அடுத்தது, அந்த ‘ஒரு நாள் சர்வீஸ்’. விடாதீர்கள். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. வண்டி உள்ளே போனதும் ஜாப் கார்டு போடுவார்கள். அதில் ‘வாடிக்கையாளர் கூறும் குறை’ என்ற கட்டத்தில் ஏதாவது எழுதுவார்கள். வேலை முடிந்ததும் ‘திருப்தி’ என்று அச்சிட்ட இடத்தில் கையெழுத்து வாங்குவார்கள். அதோடு, தவறான வண்டியைக் கொடுத்த விவகாரம், சின்னக் குறையைச் சரிசெய்து கொடுத்த விவகாரமாக மாறிவிடும். என்னிடம் வந்த ஒருவர் இப்படித்தான் சீட் கவரும் ரிவர்ஸ் கேமராவும் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். காகிதத்தைப் படித்துப் பார்த்தால் கடைசி வரி, “இது தொடர்பாக எனக்கு வேறு எந்தக் கோரிக்கையும் இல்லை.” அந்த ஒரு வரியை உடைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. 40,000 ரூபாய் ஃபிட்டிங்கால் பின் சக்கரத்துக்கு டிஸ்க் வராது, பக்கவாட்டு ஏர்பேக்கும் வராது. அவை தொழிற்சாலையில் வைப்பவை.

“ரெஜிஸ்ட்ரேஷன் ஆயிடுச்சு” என்ற வாதத்துக்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தத்தின்படி, அதே மாநிலத்தில் பதிவாகும் புது வண்டிக்கு டீலரே விண்ணப்பிக்கவேண்டும்; நம்பர் பொருத்தாமல் வண்டியை உரிமையாளரிடம் கொடுக்கக் கூடாது. மக்கள் அலையக் கூடாது என்ற நல்ல நோக்கம்தான். ஆனால் நடப்பதைப் பாருங்கள். நீங்கள் வண்டியை முதன்முதலாக ஒழுங்காகப் பார்க்கும்போதே அது உங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. தப்பான வண்டியைப் பதிவு செய்ததும் அவர்கள்தான், பதிவாகிவிட்டது என்று காரணம் சொல்வதும் அவர்கள்தான். இந்தச் சட்டம் எழுதியவர்களில் ஒருவராவது டெலிவரி நாளில் ஷோரூமில் மாலையும் கேக்குமாக நின்றிருந்தால் இது தோன்றியிருக்கும். பதிவானதால் உங்கள் உரிமை போகாது. பதிவான வண்டியைத் திரும்ப எடுப்பதில் அவர்களுக்கு நஷ்டம் இருக்கிறது, அவ்வளவுதான். அது அவர்கள் பாடு.

“பில் போட்டாச்சு, ஜிஎஸ்டி கட்டியாச்சு” என்று இன்னொன்று சொல்வார்கள். பொருள் திரும்பி வந்தால் கிரெடிட் நோட் (பழைய பில்லின் தொகையைக் கழித்துக் காட்டும் சீட்டு) போட ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவே வழி வைத்திருக்கிறது. அந்த நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30 வரை வரியைச் சரிக்கட்டிக்கொள்ளலாம். அவர்களுடைய கணக்காளருக்கு இது தெரியும். ஹேண்ட்லிங் சார்ஜ் எந்தச் சட்டத்தின் கீழ் என்று கடிதத்திலேயே கேளுங்கள். பதில் வராது. வராததும் நமக்குச் சாட்சிதான்.

ஆதாரம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. புக்கிங் ஃபாரம், வரி பில், இன்சூரன்ஸ் பாலிசி, ஆர்.சி. நான்கையும் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்து மாடல் பெயரை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். எந்தக் காகிதத்தில் ‘ஓ’ இருக்கிறது, எதில் உதிர்ந்தது என்று தெரிந்துவிடும். புக்கிங் ஃபாரத்தில் கையால் எழுதியிருந்தால் இப்போதே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். “ஒரிஜினலைக் கொடுங்க, சரிபார்த்துத் தர்றோம்” என்றால் கொடுக்காதீர்கள். 17 எழுத்து சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, இது எந்த வேரியன்ட்டாகத் தொழிற்சாலையை விட்டுப் போனது என்று தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேல்ஸ் பையனோடு பேசிய வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். அவன் இன்னும் மூன்று மாதத்தில் அந்த ஷோரூமில் இருக்கமாட்டான், செய்தி இருக்கும். டெலிவரி நோட்டில் போட்ட கையெழுத்தை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். திறந்து பார்க்க அவகாசமே இல்லாத நேரத்தில் போட்ட கையெழுத்தால் வழக்கு செத்துவிடாது.

இப்போது கடை பெயரில் போட்ட பில். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது இதைத்தான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். கடை பெயரில் பில், எனவே வணிகம், எனவே மனு தள்ளுபடி என்பார்கள். கேட்க அழகாக இருக்கும். ஆனால் பார்க்கவேண்டியது நோக்கத்தை, பெயரை அல்ல. நிறுவனப் பெயரில் வாங்கி இயக்குநரின் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த கார் வழக்கில், அது வணிக நோக்கம் ஆகாது என்ற முடிவை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. உங்கள் கார் சரக்கு ஏற்றவில்லை, வாடகைக்கு ஓடவில்லை. பிள்ளைகளைப் பள்ளியில் விடுகிறது. மனுவில் அதை அப்படியே எழுதுங்கள். உங்கள் கணவர் தனி ஆளாகக் கடை நடத்துபவர் என்றால், பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கும் பொருளுக்கு அதே சட்டத்தில் தனி விலக்கும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே சொல்லலாம்.

சிக்கல் ஆடிட்டரிடம் இருக்கிறது. குடும்பக் காருக்கு ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவு, அதாவது வாங்கும்போது கட்டிய வரியைக் கடையின் வரியில் கழித்துக்கொள்வது, பொதுவாகக் கிடைக்காது. அவர் கண் வைத்தது வருமான வரியில் காட்டும் 15 சதவீதத் தேய்மானத்தில். அந்தத் தேய்மானத்தை முழுவதும் தொழில் செலவாகக் காட்டிவிட்டு, நுகர்வோர் ஆணையத்தில் (நீங்கள் நுகர்வோர் நீதிமன்றம் என்பது இதைத்தான்) குடும்பக் கார் என்று நின்றால், உங்கள் வருமான வரிக் கணக்கையே எதிரில் நீட்டுவார்கள். இந்த வருடக் கணக்கை இன்னும் தாக்கல் செய்யவில்லை என்றால் முதலில் அவரிடம் பேசுங்கள். இன்னொன்று, பில் யார் பெயரிலோ அவர்தான் மனுதாரர். மனு உங்கள் கணவர் பெயரில், கடையின் உரிமையாளர் என்று குறிப்பிட்டுப் போகவேண்டும். நீங்கள் போட்டால் அதற்கே ஒரு வருடம் வாதாடுவார்கள்.

மனுவுக்குக் கோவை போகவேண்டாம். நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பது 2019 சட்டம் கொடுத்த பெரிய வசதி. கட்டிய தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், எனவே உங்களுக்குத் திருச்சி. 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை கட்டணம் 400 ரூபாய். இணையத்திலும் தாக்கல் செய்யலாம், வக்கீல் இல்லாமல் நீங்களே வாதாடலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்துப் புகார் பதிவு செய்யுங்கள். அவர்கள் உத்தரவு போடமுடியாது, ஆனால் சில சமயம் டீலர் எழுத்தில் பதில் தருவது அந்தப் புகாருக்குப் பிறகுதான்.

தயாரிப்பு நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள், ஆனால் சும்மா பெயரைப் போட்டால் போதாது. 2011 மாடல் என்று வாங்கியவருக்கு 2009-இல் தயாரான வண்டியைக் கொடுத்த ஒரு வழக்கில், டீலர் செய்த தவறுக்குத் தயாரிப்பாளரின் பங்கு என்ன என்று தனியாகச் சொல்லாததால், தயாரிப்பாளரைப் பொறுப்பிலிருந்து 2021-இல் உச்ச நீதிமன்றம் விடுவித்தது. இன்று நீங்கள் அவர்களுக்கு அனுப்பும் கடிதத்தின் நகல் அங்கேதான் உதவும். தெரிந்தும் சும்மா இருந்தார்கள் என்று காட்டலாம்.

எத்தனை நாளாகும்? பரிசோதனை தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில் முடிக்க முயலவேண்டும் என்கிறது சட்டம். எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள், மிஞ்சினால் இன்னும் 15. இதைப் படித்துவிட்டு ஆணையத்துக்கு வருபவர்கள் முதல் வாய்தாவிலேயே என்னைப் பார்த்து முறைப்பார்கள். வக்காலத்து போட ஒரு வாய்தா, அமர்வில் உறுப்பினர் இல்லை என்று ஒரு வாய்தா, பிறகு சமரசம் பேசுகிறோம் என்று ஒன்று. மூன்று மாதக் காலெண்டரை வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

இந்தத் தாமதத்தைக் காட்டித்தான் ஷோரூம் வாசலிலேயே சிலர் வருவார்கள். ‘நுகர்வோர் பாதுகாப்பு’ என்று லெட்டர் பேடும், காரில் ஒரு போர்டும் வைத்திருப்பார்கள். பேசி வாங்கித் தருகிறேன், வருவதில் பாதி என்பார்கள். பெரும்பாலும் அதே ஷோரூமில் போன வாரமும் பேசியவர்களாக இருப்பார்கள். மனுவில் மன உளைச்சலுக்கு 25 லட்சம் போடச் சொல்வதும் இவர்கள்தான். பேராசைக்காரர் என்று காட்ட எதிர்த்தரப்புக்கு அது ஒன்றே போதும். வண்டி அல்லது பணம், பதிவுக்கும் இன்சூரன்ஸுக்கும் ஆன செலவு, வட்டி, அளவான நஷ்ட ஈடு, வழக்குச் செலவு. இதற்கு மேல் கேட்காதீர்கள்.

காலவரம்பு இரண்டு வருடம். கடனில் எடுத்திருந்தால் தவணையை நிறுத்தாதீர்கள். டீலரோடு உள்ள சண்டை வங்கிக்குத் தெரியாது, உங்கள் சிபில் எண்தான் விழும். கடிதத்தின் நகல் ஒன்றை வங்கிக்கும் கொடுத்து வையுங்கள். கடிதம் போன பிறகு ஷோரூமிலிருந்து ஆள் வந்து, “வண்டியைக் கொண்டு போறோம், மாத்தித் தர்றோம்” என்றால் சாவியைக் கையில் கொடுப்பதற்கு முன்பு, எந்த வேரியன்ட்டாக மாற்ற, எந்தத் தேதிக்குள், இப்போது எத்தனை கிலோமீட்டர் என்று ஷோரூம் முத்திரையோடு எழுதி வாங்குங்கள். முத்திரை கொண்டு வரவில்லை என்றால், போய் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.