பூச்சியை விட்டுப் பூச்சியைப் பிடிப்பது: கேள்விகளும் பதில்களும்

கேமரன் மலையில் பிளாஸ்டிக் கூரைக்கடியில் தக்காளியும் குடைமிளகாயும் பார்த்துவிட்டு, இப்போது சுங்கை பூலோவில் மழைக்கூரை போட்டு மிளகாய் வளர்க்கிறேன். ‘மருந்து அடிக்காமல் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?’ என்று ஆளாளுக்குக் கேட்டதால், வந்த கேள்விகளுக்கு ஒரே மூச்சில் எழுதிவிட்டேன். செடியைக் கெடுக்கும் பூச்சியை, அதைத் தின்னும் நல்ல பூச்சியை வைத்தே அடக்குவதுதான் என் வழி.

காஜாங்கிலிருந்து: அக்கா, 300 பை மிளகாய் வைத்திருக்கிறேன். இலையெல்லாம் சுருண்டு கிடக்கிறது. எந்த நல்ல பூச்சியை வாங்கி விடலாம்?

தம்பி, வாங்குவதை அப்புறம் பார்ப்போம். முதலில் இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது? ஓரம் மேல்நோக்கி மடிந்து படகு மாதிரி இருந்தால் பெரும்பாலும் இலைப்பேன். ஓரம் கீழ்நோக்கி மடிந்து, கவிழ்த்து வைத்த படகு மாதிரி, காம்பு நீண்டு குருத்து இறுகி நின்றால் அது மஞ்சள் சிலந்திப்பேன். ஊர்ப்பக்கம் ‘முரணை’ என்பார்கள். வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு காலையில் வெயில் ஏறுவதற்குள் போங்கள். பூவைத் தாளுக்கு மேலே பிடித்து விரலால் நாலு தட்டுத் தட்டுங்கள். பேனாவால் போட்ட சின்னக் கோடு மாதிரி ஊர்ந்தால் இலைப்பேன். அதே தாளில், ஒரு சொட்டுத் தண்ணீருக்குக் கால் முளைத்தது போல, பேரிக்காய் வடிவத்தில் பளபளவென்று ஒன்று நிற்காமல் ஓடினால் அதை விட்டுவிடுங்கள். அதுதான் இரை தேடும் சிலந்திப்பேன். செடியை உறிஞ்சுகிறவனுக்கு அவசரமே இல்லை, உட்கார்ந்த இடத்தில் சாப்பாடு. வேட்டைக்காரன்தான் ஓடியாக வேண்டும். 10 மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் தோட்டத்துக்கு அதைவிட உருப்படியான செலவு இல்லை.

தட்டிப் பார்த்ததில் ஓடுகிறவன் பத்துப் பூவுக்கு ஒன்றிரண்டாவது இருந்தால், எதையும் வாங்க வேண்டாம். அவன் பெருகுவதற்கு வழி விட்டால் போதும்.

சுபாங் ஜெயாவிலிருந்து: வெளிநாட்டுக் கடையில் பெர்சிமிலிஸ் என்ற இரை தேடும் சிலந்திப்பேனைப் புட்டியில் விற்கிறார்கள். தபாலில் வரவழைக்கலாமா?

கூடாது. உயிருள்ள பூச்சியையோ பேனையோ மலேசியாவுக்குள் கொண்டுவர அரசாங்க அனுமதி வேண்டும். 1976ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. தொல்லைக்காகப் போட்ட சட்டமில்லை அது. ஒன்றைத் தின்ன வந்தது வேறொன்றைத் தின்ன ஆரம்பித்தால் திருப்பி அனுப்ப முடியுமா?

இரண்டாவது விஷயம் சூடு. பெர்சிமிலிஸ் அசகாய சூரன்தான். இலைச்சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப் பேனில் ஒரு நாளைக்குப் பெரியதாக 5, முட்டையாக இருந்தால் 20 கூடத் தின்றுவிடும். ஆனால் அதற்கு 20 முதல் 27 பாகை வரையும், காற்றில் நல்ல ஈரமும் வேண்டும். 30 பாகையைத் தாண்டினால் தடுமாறும். சிலாங்கூரில் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே மதியம் 35 பாகைக்கு மேலே போகிறது. செஞ்சிலந்திக்கோ அந்தச் சூடுதான் கொண்டாட்டம், ஒரு வாரத்தில் முட்டை தாயாகிவிடுகிறது. பெர்சிமிலிஸைக் கொண்டுவந்து இங்கே விட்டால், வேட்டைக்காரன் நிழல் தேடி ஒதுங்க, செஞ்சிலந்தி பிள்ளை பெற்றுக்கொண்டே போகும்.

நம் பக்கத்திலேயே நியோசியுலஸ் லாங்கிஸ்பைனோசஸ் என்று ஒரு சிலந்திப்பேன் உண்டு. தென்கிழக்காசியா முழுக்க இருப்பது, செஞ்சிலந்தியைத்தான் தின்னும், இந்த வெயில் அதற்குப் பழகிய வெயில். வேலியோரத்து மரவள்ளியில் மருந்தே படாத இலை நாலைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். செஞ்சிலந்தியின் வலைக்கு நடுவே அது ஓடிக்கொண்டிருந்தால், அந்த இலையைக் கொண்டுவந்து செஞ்சிலந்தி பிடித்த உங்கள் செடிகளுக்கு நடுவில் வைத்துவிடுங்கள். மரவள்ளி இலையோடு செஞ்சிலந்தியும் மாவுப்பூச்சியும் கூட வரும் என்பதால், சுத்தமாக இருக்கிற செடிப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள். புட்டிக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

செந்தூலிலிருந்து: அக்கா, மொட்டை மாடியில் கறிவேப்பிலைத் தொட்டி. தளிர் கோணல்மாணலாக வருகிறது, இலையில் கரி பூசினாற்போல் இருக்கிறது, எறும்பு வேறு.

மூன்றும் ஒரே கதைதான். தளிரில் தலையைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்கிச் சாய்வாக உட்கார்ந்திருக்கும் சின்னப் பூச்சியைப் பார்த்திருப்பீர்கள். ஆசிய எலுமிச்சைச் சில்லிட் அது. அதன் குஞ்சுகள் சாறு உறிஞ்சித் தேன் போல ஒன்றைக் கழிக்கின்றன. அந்தத் தேனில் கரும்பூசணம் வளர்கிறது, அந்தத் தேனுக்குத்தான் எறும்பும் வருகிறது. கறிவேப்பிலைக்கு இதனால் உயிர் போகாது. ஆனால் பக்கத்தில் எலுமிச்சையோ நார்த்தையோ இருந்தால், இலை மஞ்சளாகி மரம் சாகும் பச்சைநோயை அந்தப் பூச்சி கொண்டுபோகும். அலட்சியமாக இருக்காதீர்கள்.

சில்லிட்டுக்கு டாமரிக்ஸியா என்ற குட்டிக் குளவி எமன். குஞ்சின் வயிற்றுக்கடியில் முட்டை வைக்கும், பசித்தால் குஞ்சையே தின்னவும் செய்யும். ஆனால் எறும்பு காவல் இருக்கும்வரை குளவியோ பொறிவண்டோ கிட்ட வர முடியாது. எறும்புக்கு அது பால்மாடு, விடுமா? தொட்டியின் காலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள், தண்டில் துணி சுற்றிக் கிரீஸ் தடவுங்கள், சுவரைத் தொடுகிற கிளையை வெட்டுங்கள். இதை மட்டும் செய்துவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள். எனக்குப் பல முறை அதற்கு மேல் வேலை இருந்ததில்லை.

பச்சைப்புழு பெரிதாக ஒன்றிரண்டு இருந்தால் அது வண்ணத்துப்பூச்சியின் பிள்ளை. கையால் எடுத்துவிடுங்கள், அல்லது நாலு இலையைத் தின்றுவிட்டுப் போகட்டும்.

பாலிக் புலாவிலிருந்து, கல்லூரி மாணவி: இந்த முறை எப்போது தொடங்கியது, அக்கா?

பசுமைக்குடிலைப் பொறுத்தவரை 1926இல், இங்கிலாந்தில். தக்காளி இலையில் வெள்ளை ஈயின் குஞ்சுகள் வெள்ளையாக இல்லாமல் கறுப்பாக இருப்பதை ஒரு தோட்டக்காரர் கவனித்தார். ஆராய்ச்சி நிலையத்தில் பார்த்தால் உள்ளே என்கார்சியா குளவி. அதை வளர்த்துத் தோட்டம் தோட்டமாக அனுப்பினார்கள். 1940களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்ததும் எல்லாரும் மறந்துவிட்டார்கள். பூச்சிகள் அந்த மருந்துக்குப் பழகிய பிறகுதான் மறுபடி ஞாபகம் வந்தது. மேலே சொன்ன பெர்சிமிலிஸ், 1958 வாக்கில் சிலியிலிருந்து ஜெர்மனிக்குப் போன ஆர்க்கிட் செடியோடு ஒட்டிக்கொண்டு போனது. 1967இல் நெதர்லாந்தில் யான் கோப்பர்ட் என்ற வெள்ளரி விவசாயி, மருந்து தனக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதால் இதை வளர்த்து விற்கத் தொடங்கினார்.

நம் மலேசியாவிலும் தமிழ்நாட்டிலும் நடந்த கதைகளும் உண்டு. முட்டைக்கோசைச் சல்லடையாக்கும் வைரமுதுகுப் பூச்சிக்காக 1970களில் டயடெக்மா என்ற குளவியைக் கேமரன் மலையில் கொண்டுவந்து விட்டார்கள். குளிரை விரும்பும் குளவி, மலையில் நிலைத்துவிட்டது. தமிழ்நாட்டில் 2008இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்து பப்பாளி, மரவள்ளி, மல்பெரி எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் குளவியைத் தருவித்து விட்டதும் சில மாதத்தில் அடங்கியது. பாடத்துக்கு எழுதுவதென்றால் இந்த இரண்டையும் சேர்த்து எழுதுங்கள், அம்மா. ஐரோப்பாவை மட்டும் எழுதி முடித்துவிடாதீர்கள்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து, பணி ஓய்வுபெற்ற ஒருவர்: நான் செம்பனைத் தோட்டத்தில் இருந்தபோது சாலையோரம் பூச்செடி நடச் சொல்வார்கள். அதுவும் இதுதானா, மகளே?

அதேதான் ஐயா! காலை எட்டு மணிக்கு விரியும் ‘புங்கா புக்குல் லாப்பான்’ செடியைத்தானே சொல்கிறீர்கள்? அழகுக்காக நட்டது என்றுதான் சின்ன வயதில் நானும் நினைத்தேன். செம்பனை ஓலையைத் தின்னும் உலாட் புங்குஸ் என்ற பைப்புழுவுக்குள் முட்டை வைக்கும் குளவிகளுக்கு அந்தப் பூவில் தேன் கிடைக்கிறது. தாய்க்குளவிக்குச் சாப்பாடு போட்டால் அது நம் வேலையைப் பார்க்கும். என் மழைக்கூரைக்கு வெளியிலும் இரண்டு வரிசை நட்டிருக்கிறேன்.

செம்பனைப் பூவுக்கு ஆள் வைத்து மகரந்தம் தூவிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டதும் அந்த வேலையே இல்லாமல் போனது. தலைப்புக்கு வெளியேதான், ஆனாலும் சொல்லத் தோன்றியது.

கிள்ளானிலிருந்து: பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் அட்டை நிறையத் தொங்கவிடலாமா?

என்ன பூச்சி வந்திருக்கிறது என்று பார்ப்பதற்கு நாலைந்து போதும். நிறைய மாட்டினால் குளவியும் ஒட்டிச் சாகும்.

ராவாங்கிலிருந்து: போன வாரம்தான் மருந்து அடித்தேன். இப்போது நல்ல பூச்சியை விட்டால் நிற்குமா?

என்ன மருந்து என்பதைப் பொறுத்தது. சோப்புக் கரைசல் என்றால் காய்ந்ததும் விடலாம். அபாமெக்டின் என்றால் இரை தேடும் சிலந்திப்பேனைப் பொறுத்தமட்டில் வில்லன், கொஞ்ச நாள் பொறுக்க வேண்டும். பைரித்ராய்டு வகை என்றால் மாதக்கணக்கில் இலையில் விஷம் நிற்கும், அந்தப் பருவத்தை மறந்துவிடுங்கள். புழுவுக்கு மட்டும் என்றால் ‘பிடி’ (Bt) என்கிற பாக்டீரியா மருந்து அடியுங்கள், அது குளவியையும் நல்ல பேனையும் தொடாது.

மருந்து மட்டுமில்லை, நம் கையும் நல்ல பூச்சியைக் கொல்லும். ஒரு முறை, சாறு உறிஞ்சும் அசுவினிக் கூட்டத்துக்கு நடுவே அட்டை மாதிரி நெளிந்த புழுக்களைப் பார்த்து அருவருத்து, வரிசை வரிசையாக நசுக்கினேன். மிதவை ஈயின் பிள்ளைகள் அவை, அசுவினியைத் தின்றுகொண்டிருந்தவை. அடுத்த வாரம் அசுவினி என்னைப் பழிவாங்கியது.

ஜெலுத்தோங்கிலிருந்து: அசுவினி நடுவே சில மட்டும் ஊதிப்போய், பழுப்புத் தங்க நிறத்தில் அசையாமல் ஒட்டிக்கிடக்கின்றன. நோயா, அக்கா? அந்த இலைகளைக் கிள்ளிப்போடவா?

கிள்ளாதீர்கள்! அது மம்மி. அசுவினிக்குள்ளே குளவிக் குஞ்சு இருந்து, உள்ளே இருப்பதையெல்லாம் தின்றுவிட்டு மேல்தோலை மட்டும் விட்டுவைத்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பாருங்கள். முதுகின் பின்பக்கம் துளைப்பானால் போட்டது போல் வட்டமாக ஒரு ஓட்டை தெரிந்தால் குளவி வெளியே போய்விட்டது. ஓட்டை இல்லையென்றால் இன்னும் உள்ளே இருக்கிறது. இலை பழுத்து விழுந்தாலும் குப்பையில் போடாமல் செடியடியிலேயே வையுங்கள், நாலைந்து நாளில் வெளியே வந்துவிடும். வருகிற வாரம் மறுபடி எண்ணி, பத்து அசுவினிக்கு எத்தனை மம்மி என்று எழுதி அனுப்புங்கள்.